முடக்குவாதம் குடலிலும் தொடங்குமா?

முடக்குவாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் நோய். அதற்கு அடையாளமான ஆன்டி சிசிபி எதிர்ப்பொருள் பலருக்கு மூட்டு வீங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே ரத்தத்தில் வந்துவிடுகிறது. அப்படியானால் கோளாறு வேறெங்கோ கிளம்பியிருக்க வேண்டும். ஈறு, நுரையீரல், குடல் மூன்றின் உட்சவ்வு மீதும் சந்தேகம் இருக்கிறது.

குடலுக்கு வலுவான சாட்சி 2010இல் வந்த எலி ஆய்வுதான். மூட்டழற்சி வரும் மரபணு கொண்ட எலிகளைக் கிருமியே இல்லாமல் வளர்த்தார்கள். நோய் வெகுவாக அடங்கியிருந்தது. குடலில் இழை வடிவ பாக்டீரியா ஒரே ஒரு வகையை விட்டதும் அழற்சியைத் தூண்டும் டிஹெச்-17 என்ற நோய் எதிர்ப்பு செல்கள் பெருகின, மூட்டு வேகமாக வீங்கியது.

மனிதர்களில்? 2013இல் நியூயார்க் ஆய்வு: புதிதாக நோய் வந்து மருந்து தொடங்காதவர்களில் 75% பேருக்குக் குடலில் பிரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது, ஆரோக்கியமானவர்களில் 21% பேருக்கு. அந்த 21% பேரை மறக்காதீர்கள். பாக்டீரியா இருந்தாலே நோய் இல்லை. மரபணு, புகைப்பழக்கம் எல்லாம் சேர வேண்டும். அதனால் மலப் பரிசோதனையை வைத்து முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று, முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் சல்ஃபாசலசின் மருந்தை உடலுக்குள் இரண்டாக உடைப்பதே பெருங்குடல் பாக்டீரியாதான். உடைந்த பிறகே அதன் பகுதிகள் வேலை செய்கின்றன.

புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா கொண்ட தயாரிப்பு) போதும் என்று முடக்குவாதத்தின் முக்கிய மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. அரித்துப்போன எலும்பு பழையபடி ஆகாது. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் உயிரியல் ஊசி (பயாலஜிக்) போடுபவர்கள் புரோபயாட்டிக் கேப்ஸ்யூலைக்கூட மருத்துவரைக் கேட்டே எடுங்கள். காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் இறுகி, வீக்கமும் இருந்தால் தள்ளிப்போடாமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.