சோழவரத்தில் ஓடிய வண்டிதானா?

"ஆர்சி புக் எங்கே?" வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது இதுதான். ரேஸ் காருக்கு அது கிடையாது. ரோட்டில் ஓட்டப் பதிவு செய்யாத வண்டி என்பதால் ஆர்டிஓ அலுவலகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பெங்களூரு கலாசிப்பாளையத்தில் ஒரு குடோனிலிருந்து வாங்கி அல்சூருக்குக் கொண்டுவந்த என் ஃபார்முலா மாருதிக்கு இருந்த ஒரே அத்தாட்சி, ரிவெட் அடித்த ஒரு அலுமினியத் தகடு. "சோழவரத்துல ஓடின வண்டி சார்" என்றார் விற்றவர்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாங்கினேன். சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்து ரேஸ் காட்டிய இடம். எண்பதுகளின் பிற்பகுதியில் கோவையில் எஸ். கரிவரதன், மாருதி 800-இன் என்ஜினைப் போட்டு ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். அவைதான் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் முதலில் ரேஸ் ஓட்டியது இந்த வகைக் காரில்தான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்துவிட்டது. ஆக, என் வண்டி சோழவரத்தில் ஓடியிருந்தால் அது முதல் சில வருடங்களில் கட்டியதாக இருக்க வேண்டும்.

முதலில் தகடு. எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு ரிவெட்டை டிரில் போட்டுக் கழற்றினேன். தகடு ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்திருந்தால், அதன் அடியில் முதல் பெயின்ட் மட்டும் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது மேல்பூச்சுச் சிவப்பு. கடைசியாகப் பெயின்ட் அடித்த பிறகுதான் யாரோ தகட்டை வைத்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தெரிந்தவர் மூலம் கோவையில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். அந்தக் காலத்தில் ரேஸ் மெக்கானிக்காக இருந்தவர். போனில் நான் என்ஜின் நம்பரைப் படிக்க ஆரம்பித்ததுமே நிறுத்தினார். "அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுங்க தம்பி. என்ஜினை மாத்திக்கிட்டேதான் இருப்போம். பாடி ஃபைபர், இடிச்சா வேற போடுவோம். ஃபிரேம்ல எங்கெங்க ஒட்டுப் போட்டிருக்குன்னு பாருங்க."

நல்லவேளை, அவர் அதைச் சொன்னபோது நான் ஃபிரேமை மணல் அடித்துச் சுத்தம் செய்யக் கொடுக்க இருந்தேன். கொடுத்திருந்தால் அத்தனை தடயமும் ஒரே நாளில் போயிருக்கும். அதற்குப் பதிலாக மூன்று வாரம் கையாலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு மெதுவாகத் தேய்த்தால், மரத்தின் வளையம் மாதிரி பெயின்ட் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். முன்பக்கக் குழாய்களில் சிவப்பு, வெள்ளை, நீலம், அடியில் மஞ்சள். ரோல் பாருக்கு (கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரின் தலையைக் காக்கும் வளைகுழாய்) பின்னால் சிவப்பும் வெள்ளையும் மட்டும்.

எங்கள் தெரு வெல்டர் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி கேஸ் வெல்டிங். பின்னாடி சிஓடூ வெல்டிங். வேற ஆள், வேற காலம்" என்றார். முன்பக்கம் வலது கீழ்க்குழாயில் ஒரு ஒட்டுத் தகடு இருந்தது. அதில் மூன்று துளைகள், நடுத்துளை மட்டும் கோட்டை விட்டு விலகியிருந்தது. அந்தப் பக்கம் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் இடதுபக்கத்தைவிட 6 மில்லிமீட்டர் குறைவு. எப்போதோ பலமாக இடித்து நிமிர்த்தியிருக்கிறார்கள்.

இந்தப் படங்களைப் பெரியவருக்கு அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. அப்புறம் அவருடைய பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய கலர் படத்தை அனுப்பினான். மூக்குப் பகுதி கழற்றிய மஞ்சள் கார், வலது பக்கத்திலிருந்து எடுத்தது. பின்னால் நீளமான கான்கிரீட் தளம். படத்தின் பின்புறம் பேனாவில் "சோழவரம் 89". பெரிதாக்கிப் பார்த்தால் அதே ஒட்டுத் தகடு, அதே விலகிய துளை. உடனே நம்பிவிடவில்லை. அதே கோணத்தில் என் வண்டியைப் படமெடுத்து, தகட்டின் நீளத்துக்கும் துளைகளின் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தை இரண்டு படங்களிலும் அளந்தேன். ஒத்துப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் காட்டியிருப்பேன்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட் வாங்கினால் போதுமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அது, வண்டியின் அமைப்பு அந்தக் காலத்து விதிகளுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் ஆவணம். வண்டியின் வரலாற்றுக்கு உத்தரவாதம் இல்லை.

அதனால் நானே ஒரு கோப்பு தயாரித்தேன். ரோல் பார் வரை படத்தில் உள்ள கார். அதற்குப் பின்னால் மறுபடி கட்டியது. என்ஜின் பிற்பாடு வந்தது. அலுமினியத் தகடு போலி. அந்தத் தகட்டையும் ஒரு கவரில் போட்டுக் கோப்போடு வைத்திருக்கிறேன். விற்றவர் சொன்ன ஓட்டுநர் பெயரை எழுதவில்லை, அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் சோழவரம் ரேஸ் படங்கள் இருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். மஞ்சள் கார். வலதுபக்கப் படம் கிடைத்துவிட்டது, இடதுபக்கம் தெரிய வேண்டும்.