நானூறு பேருக்கு அளவெடுத்த கதை

பினாங்கில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு நானூறு பேருக்குச் சீருடை தைக்கும் ஆர்டர் வந்ததும் மாமாவுக்கு ஒரே சந்தோஷம், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. நாடாவால் அளந்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவர்கள் கொடுத்ததோ மூன்று நாள். கோலாலம்பூரிலிருந்து ஒரு உடல் ஸ்கேனரை வாடகைக்கு எடுத்தோம்.

உள்ளே போய் நின்றால் உடம்பின் மேல் வரிவரியாக வெளிச்சம் விழும், அந்த வரிகள் எங்கெங்கே வளைகின்றன என்று கேமராக்கள் பார்த்து சில வினாடிகளில் உருவத்தைக் கட்டிவிடும். ஆனால் வரிசை நகரவே இல்லை. தொளதொள சட்டையோடு நின்றால் அது சட்டையைத்தான் அளக்கும், அதனால் ஒவ்வொருவரும் ஒட்டிய உடைக்கு மாறி, முடியைத் தொப்பிக்குள் தள்ள வேண்டும். கறுப்பு லெகிங்ஸ் போட்டவருக்குத் திரையில் பாதித் தொடையைக் காணோம், கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிட்டது. டூடோங் (தலைமுக்காடு) அணியும் பெண்களுக்குத் தனியாகத் திரை கட்டி, ஸ்கேனரை என் தங்கையிடம் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே போய்விட்டோம். சட்டையைக் கொடுத்து முடித்ததும் உருவக் கோப்புகளை அழித்துவிடுவோம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே.

அப்புறம் கக்கம். கையை விலக்கி நின்றாலும் அங்கே வெளிச்சம் சரியாகப் படாது, மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்புகிறது. தோல் மேல்தான் அதற்குத் தெரியும், தோள் எலும்பின் முனை தெரியாது. அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் நடந்த 'சீசர்' என்ற உடல் அளவு ஆய்விலேயே, ஸ்கேன் செய்யுமுன் ஆட்கள் கையால் தடவிப் பார்த்து 72 இடங்களில் அடையாளம் ஒட்டினார்களாம். படித்ததும் மாமாவிடம் சொன்னேன், அவருக்கு ஒரே சிரிப்பு.

சும்மா இருப்பாரா, இருபது பேரை நாடாவால் மறுபடி அளந்தார். இடுப்பில்தான் வம்பு. மென்பொருள் எடுத்தது ஒடுங்கிய இடத்தை.

"மிஷினுக்கு எங்க தெரியும், இந்த அண்ணன் சிலுவார தொப்பைக்குக் கீழ கட்டுவாருன்னு?" என்றார் மாமா. காற்சட்டையைத்தான் சிலுவார் என்பார்.

நல்லவேளை, கோப்புகள் கையில் இருந்தன. இடுப்புக் கோட்டைக் கீழே இறக்கி நானூறையும் மறுபடி ஓடவிட்டோம், ஒருவரைக்கூடத் திரும்பக் கூப்பிடவில்லை. நாடாவில் இது நடக்காது, அதை மாமாவும் ஒத்துக்கொண்டார்.

பிரித்துத் தைக்கத் திரும்பி வந்தவை பதினொன்று. அதில் பாதிப் பேர் ஸ்கேனருக்குள் மூச்சை இழுத்துப் பிடித்துத் தொப்பையை உள்ளே தள்ளி நின்றவர்கள், வெட்கத்தோடு அவர்களே சொன்னார்கள்.