50-ஆ, 100-ஆ: வால்வு ப்ரீஆம்ப்பில் ஹம்மிங் தேடிய அனுபவம்

புனலூரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் கடையைக் கட்டியபோது, பரணில் கிடந்த இசைத்தட்டு ப்ரீஆம்ப் (தட்டின் ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கி பவர் ஆம்ப்புக்குக் கொடுக்கும் பெட்டி) என்னிடம் வந்தது. கொல்லம் தடத்து ரயிலில் மடியில் வைத்தே செங்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். இரும்புச் சேசிஸ் (உடற்கூடு), சிக்னலைப் பெருக்க இரண்டு ஈ.சி.சி.83 வால்வுகள், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையராக ஒரு ஈ.இசட்.80 வால்வு. ஈ.சி.சி.83-களில் ஒன்று பெங்களூரு பி.இ.எல். (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) தயாரிப்பு. எழுத்து பாதி அழிந்துவிட்டது. இழை ஒழுங்காகச் சிவக்கிறது.

பாட்டு வந்தது. பாட்டுக்குப் பின்னால் 'உம்ம்' என்ற உறுமலும் வந்தது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் அந்த உறுமல்தான் பாடியது. பழைய ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் சொன்னேன். "கண்டென்சரை மாற்றுங்கள் தம்பி, வேறு ஒன்றும் இருக்காது" என்றார். பெரும்பாலும் சரியாக வரும் வைத்தியம்தான். ஆனாலும் எனக்கு முதலில் காது, பிறகுதான் சால்டரிங் அயர்ன்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலை ரெக்டிஃபையர் அதை 100 ஆக்கிவிடும். ஆகவே அதன் பின் டி.சி.யைச் சமன்படுத்தும் ஃபில்டர் கண்டென்சர் செத்திருந்தால் கேட்பது 100. வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழைக்குப் போகும் ஒயரிலிருந்தோ, எர்த்திலிருந்தோ, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்திலிருந்தோ நுழைவது பெரும்பாலும் 50. இரண்டுக்கும் சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம். சுருதி பிடிக்கத் தெரிந்த யாரும் கண்டுபிடித்துவிடலாம். கைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, ஹெட்ஃபோனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். கைபேசி ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது, ஹெட்ஃபோன் வேண்டும். என் பெட்டியில் 100 பெரிதாக இருந்தது. அதன் அடியில் மங்கலாக 50-ம் இருந்தது. ஒரு நோய் இல்லை, இரண்டு.

இசைத்தட்டு ப்ரீஆம்ப்பில் இந்தத் தொல்லை மற்ற கருவிகளைவிடக் கூடுதல். இசைத்தட்டுப் பதிவுக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவுகோலின்படி தட்டில் குறைத்துப் பதிந்த மந்தர ஒலியை ப்ரீஆம்ப் தூக்கிக் கொடுக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50-இல் ஏறக்குறைய 17 டெசிபல், 100-இல் 13. அதாவது முதல் வால்வில் நுழையும் 50 ஹெர்ட்ஸ் துளி, அதே அளவு 1000 ஹெர்ட்ஸைவிட ஏழு மடங்காகி வெளியே வரும்.

திறப்பதற்கு முன் எச்சரிக்கை. உள்ளே 270 வோல்ட் டி.சி. இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் அதை விடாமல் வைத்திருக்கும். 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரை முதலை கிளிப்பில் மாட்டி வடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே கை வைக்க வேண்டும். சோதிக்கும்போது ஒரு கை சட்டைப் பையில் இருக்கட்டும். முதல் தடவை மின்சாரம் கொடுத்தது, பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த சீரீஸ் போர்டு வழியாகத்தான். 60 வாட் குண்டு பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. ஷார்ட் இல்லை.

பிறகு ரிப்பிள் (டி.சி. மேல் மிஞ்சி நிற்கும் ஏ.சி. அலை) அளந்தேன். சாதாரண மல்டிமீட்டர்கள் பல, ஏ.சி. அளவில் வைத்தாலும் டி.சி.யைக் கண்டு குழம்பும். ஆகவே மீட்டரின் சோதனை முனைக்குத் தொடராக 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கண்டென்சர் ஒன்று போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு ஈ.சி.சி.83-க்குள்ளும் ட்ரையோடு எனும் பெருக்கிகள் இரண்டு; ஆக நான்கு ட்ரையோடுகள், தலைக்கு 1 மில்லியாம்பியர் என்றால் மொத்தம் 4. சேசிஸ் மேல் நிற்கும் ஃபில்டர் கண்டென்சரின் அலுமினிய டப்பாவில் 32+32 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கிறது. அது உண்மையானால் ரிப்பிள் உச்சிக்கு உச்சி 1.25 வோல்ட்டைத் தாண்டாது, மீட்டரில் 0.4-க்குள் வர வேண்டும். வந்தது 3 வோல்ட். டப்பாவில் எட்டில் ஒரு பங்குதான் உயிர் மிஞ்சியிருந்தது.

டப்பாவை அழகுக்காக மேலேயே விட்டுவிட்டு, இணைப்பை அறுத்து, கீழே 450 வோல்ட் புதுக் கண்டென்சர்களை வைத்தேன். முதலாவது 33 மைக்ரோஃபாரட், அடுத்தது 47. "தாராளமாக 220 போடலாமே" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஈ.இசட்.80-ஐ அடுத்து வரும் முதல் கண்டென்சருக்கு அதன் தயாரிப்பாளர்கள் வகுத்த உச்சவரம்பு 50 மைக்ரோஃபாரட்; மீறினால் ஒவ்வொரு அலையிலும் பாயும் மின்னோட்டம் வால்வை நோகடிக்கும். இரண்டாவது இடத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, இடையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸுக்கு 47 மைக்ரோஃபாரட் வெறும் 34 ஓம். ரிப்பிள் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்காகிவிடும். ரிப்பிளை அடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

100 போய்விட்டது. அண்ணாச்சி பாதி ஜெயித்தார். அது ஒதுங்கியதும் 50 தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு சின்னச் சோதனை மிகவும் பயன்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ரீஆம்ப்பின் ஸ்விட்சை மட்டும் அணைக்க வேண்டும். வால்வுக்குள் எலக்ட்ரான் உமிழும் கேத்தோடு சூடாக இருக்கும், கண்டென்சரில் மின்சாரம் இருக்கும்; சில விநாடிகள் பாட்டு தொடர்ந்து வரும். அந்த இடைவெளியில் உறுமல் நின்றால் குற்றவாளி உள்ளே, நிற்காவிட்டால் வெளியே. என் விஷயத்தில் பெரும்பகுதி சட்டென்று நின்றது, ஒரு கீற்று மிஞ்சியது.

உள்ளே பார்த்தால் ஹீட்டர் ஒயர்கள் முறுக்கப்படாமல், வால்வுக்குள் சிக்னல் நுழையும் கிரிட்டின் ஒயரோடு ஒட்டிப் படுத்திருந்தன. ஒரு முனையை சாக்கெட் பக்கத்திலேயே சேசிஸில் பற்றவைத்திருந்தார்கள். ஹீட்டர் மின்னோட்டம் முழுவதும் சேசிஸ் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பை எடுத்தேன். புது ஒயர் ஜோடியை நெருக்கமாக முறுக்கி, சேசிஸ் மூலையோடு ஓட்டி, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் செங்குத்தாக இறக்கினேன்: 4, 5 கால்கள் சேர்ந்து ஒரு முனை, 9 மறுமுனை. இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர்கள் கிளம்பி நடுவில் சந்திக்கின்றன. அந்த நடுப்புள்ளியை நேராக எர்த் செய்யவில்லை. 270 வோல்ட்டிலிருந்து 220 கிலோ, 39 கிலோ ஓம் பிரித்து, 40 வோல்ட்டில் உட்காரவைத்தேன். ஹீட்டரும் எலக்ட்ரான் உமிழும் பொருள்தான். கேத்தோடைவிட நேர்மின்னழுத்தத்தில் இருந்தால் அந்த எலக்ட்ரான்கள் கேத்தோடுக்குத் தாவாது. ஈ.சி.சி.83 இந்த இடைவெளியில் 180 வோல்ட் வரை தாங்கும், 40 ஒரு பொருட்டே இல்லை.

அப்போதே ஹீட்டர் வோல்ட்டையும் பார்த்தேன்: 6.3-க்குப் பதில் 6.9. டிரான்ஸ்ஃபார்மரின் டேப் (உள்ளீட்டு மின்னழுத்தத்துக்கான இணைப்பு) 220-இல் இருந்தது, எங்கள் தெருவில் ராத்திரி மின்னழுத்தம் ஏறிவிடும். டேப்பை 240-க்கு மாற்றினேன்.

மிஞ்சிய கீற்று எர்த் வளையம். ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் தனித்தனி மூன்று முனை பிளக், தனித்தனி சுவர். கேபிளின் ஷீல்டு இரண்டையும் சேர்த்து வளையமாக்கிவிட்டது. எர்த் பின்னை வெட்டச் சொல்லும் வல்லுநர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உள்ளே 270 வோல்ட் வைத்த இரும்புப் பெட்டிக்கு அதைச் செய்தால், கோளாறு வரும் நாளில் நம் கைதான் எர்த். சேசிஸ் எர்த்தோடேயே இருக்கிறது. உள்ளீட்டு சாக்கெட்டுகளை ஃபைபர் வாஷர் போட்டு சேசிஸிலிருந்து பிரித்து, சிக்னல் எர்த் முழுவதையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 10 ஓம் வழியாக சேசிஸுக்குக் கொடுத்தேன். அதற்கு இணையாக எதிரெதிராக இரண்டு டயோடுகள். பிளக்குகள் இரண்டும் இப்போது ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில்.

இப்போது வால்யூமை மணி இரண்டு நிலைக்குத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ இருப்பது தெரிகிறது. டோன்-ஆர்ம் தட்டின் நடுவை நெருங்கும்போது அது லேசாகக் கூடுகிறது. டர்ன்டேபிள் மோட்டாரின் காந்தப் புலம் கார்ட்ரிட்ஜைத் தொடுகிறது. அதற்கு ப்ரீஆம்ப் பொறுப்பில்லை.

அடுத்தது, ஒரு வால்வின் சிக்னலை மட்டும் அடுத்த வால்வுக்கு விட்டு டி.சி.யைத் தடுக்கும் இணைப்புக் கண்டென்சர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக சாரல் காற்று மாதக்கணக்கில் வீசும் ஊரில் மெழுகுக் காகிதக் கண்டென்சர் ஈரம் குடிக்காமல் இருக்காது. இரண்டாவது வால்வின் கிரிட்டில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில், கண்டென்சர் கசிவதால், 2 வோல்ட் நிற்கிறது. 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர்கள் வாங்கி வைத்தாயிற்று. மாற்றிய பிறகு அந்த 2 வோல்ட் என்ன ஆனது என்று எழுதுகிறேன்.