ஆர்எக்ஸ் 100: ஹெட் பைப் நிமிர்ந்தது, பின்சாய்வு மசியவில்லை

மோதி அடிபட்ட என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில், ஹேண்டில் தண்டு நுழையும் சேஸிஸ் முன்குழாயான ஹெட் பைப்பின் பக்கச் சாய்வு போயே போச்சு. அதில் செருகிய ராடு ஒரு மீட்டர் உயரத்தில் 14 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி நின்றது. இப்போது தூக்குக்குண்டு நூலை உரசியபடி நிற்கிறது. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி என்றால் சுமார் 17.5 மில்லி. ஆக, கோணல் ஒரு டிகிரிகூட இல்லை. ஆனாலும் ஹேண்டிலை விட்டால் வண்டி தென்னந்தோப்புக்குள் போகப் பார்த்தது.

புளியரை எஸ் வளைவு, சாரல் நேரத்துப் பாசி, எதிரே தடி லாரி. மிச்சத்தை நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப்பும் அதைப் பிடிக்கும் டீயும் புதிதாகப் போட்டும் இழுப்பு நிற்காததால்தான் சேஸிஸை உரித்தேன்.

டயரோடு டயர் நூல் கட்டிப் பார்ப்பது சேஸிஸுக்குப் போதாது. சக்கரம், புஷ், பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்ம் எல்லாவற்றின் கோணலும் அதில் கலந்து வரும். ஸ்விங் ஆர்ம் போல்ட் துளையில் ஒரு ராடு, ஹெட் பைப்பில் ஒரு ராடு. முதலாவதை ரசமட்டம் வைத்து மட்டப்படுத்திவிட்டு, இரண்டாவது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தூக்குக்குண்டால் பார்ப்பது. அவ்வளவுதான் கணக்கு.

சொல்ல எளிது, உயிரை எடுத்தது ராடை ஹெட் பைப்பில் ஆடாமல் உட்கார வைக்கும் வளையமான புஷ்தான். ஹெட் பைப் ஒரு சாண்கூட வராது. 150 மில்லி என்றே வையுங்கள், புஷ்ஷில் கால் மில்லி ஆட்டம் இருந்தால் ஒரு மீட்டர் தள்ளி அது ஒன்றரை மில்லியைத் தாண்டிவிடும். அப்புறம் எதை அளக்கிறோம்? ஹேண்டில் பேரிங்கின் பழைய கப்பைத் தட்டி எடுத்துவிட்டு, கப் உட்காரும் இடத்துக்கே அளவெடுத்து லேத்தில் கடையச் சொன்னேன். செங்கோட்டை அண்ணாச்சி முதலில் அலுமினியத்தில் கடைந்து தந்தார். அளக்க அது அருமை. ஜாக்கி கொடுத்ததும் நசுங்கியது. "அளக்க ஒண்ணு, இழுக்க ஒண்ணு வேணும் தம்பி" என்று அவரே இரும்பில் இன்னொரு ஜோடி போட்டார். புஷ் இல்லாமல் வெறும் ராடைச் செருகி நெம்புகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கப் உட்காரும் விளிம்பு விரிந்துவிடும், பிறகு எந்தக் கோன் செட் (கப், பால்ஸ், கோன் சேர்ந்த ஹேண்டில் பேரிங்) போட்டாலும் ஹேண்டில் ஆடத்தான் செய்யும்.

சேஸிஸை இஞ்சின் மவுண்ட் துளைகளில் சி சேனல் என்கிற கனத்த இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, ராடு நுனியில் சங்கிலி, பாட்டில் ஜாக்கி. இரும்பு சும்மா வளைந்து கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். நேர்க்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நிறையத் தள்ளிவிட்டால்தான் கொஞ்சம் நிற்கும். தள்ளு, விடு, அள. மூன்றாவதை விட்டவன் கெட்டான்.

ஆரியங்காவு வெல்டிங் சேட்டன் கேஸ் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சூடாக்கினால் பெட்டென்று வளையும்." வளையும்தான் சேட்டா, மெல்லிய பைப் அந்த இடத்திலேயே சுருங்கி மடிந்தும் போகும். தவிர, சேஸிஸ் நம்பர் குத்தியிருப்பது ஹெட் பைப்பில்தான். அது அழிந்தால் ஆர்சி புத்தகத்தை வைத்து விசிறிக்கொள்ளலாம். குளிரிலேயே முடித்தேன். அப்புறம் வெல்டிங் தையல்களில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூள் பூசி வைத்தேன். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகக் காட்டும். கோடு எதுவும் இல்லை.

பிடிவாதம் பிடிப்பது பின்சாய்வு. மோதலில் ஹெட் பைப் இஞ்சின் பக்கம் கொஞ்சம் தள்ளப்பட்டிருக்கிறது. பக்கச் சாய்வுக்குத் தூக்குக்குண்டே சாட்சி. முன்பின் கோணத்துக்கு அடிபடாத இன்னொரு ஆர்எக்ஸ்தான் சாட்சி. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி, இந்தப் பக்கம் ஒரு தடவையாவது விழாத ஆர்எக்ஸ் எங்கே கிடைக்கும்? தென்காசியில் இரண்டை அளந்தேன், இரண்டும் இரண்டு மாதிரி. புனலூர்ப் பழைய இரும்புக் கடையில் முழுச் சேஸிஸே இருக்கிறது, காகிதம் இல்லை. அளவெடுக்க மட்டும் வாடகைக்குக் கேட்டால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

கோன் செட்டுக்கு மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன். டூப்ளிகேட்டில் பால்ஸ் சீக்கிரமே கப்பில் பள்ளம் போட்டுவிடுகிறது, அதனால் ஒரிஜினல் வரும்வரை பொறுக்கலாம். பெயின்ட்டா பவுடர் கோட்டிங்கா என்று இப்போதே வீட்டில் விவாதம் வேறு. பவுடர் கோட்டிங் அடுப்பில் சுட வேண்டும், நம்பர் எழுத்தும் கனத்த பூச்சில் மங்கும். அதனால் எனக்குக் கறுப்புப் பெயின்ட்தான். சேஸிஸ் இன்னும் சி சேனலிலேயே இருக்கிறது. புளியங்குடி நண்பரின் சித்தப்பா வீட்டில் ஓட்டாமலே மூடி வைத்த ஆர்எக்ஸ் ஒன்று இருப்பதாகத் தகவல். ஞாயிற்றுக்கிழமை அலுமினியப் புஷ்ஷோடு போய் அளக்கிறேன்.