ஸ்க்ரீன் ரெக்கார்டிங்ல பாடம் எடுக்கிறவங்களுக்கு

தமிழ்ல மென்பொருள் சொல்லித்தர்ற வீடியோ இன்னும் நிறைய வரணும். பதிவு பண்ண, காசில்லாம கிடைக்கிற ஓபிஎஸ் ஸ்டுடியோவே தாராளம். ஆனா சாதாரண எம்பி4 வீடியோ ஃபைலா நேரா பதியாதீங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா ஃபைலே திறக்காமப் போயிடலாம். எம்கேவி-ங்கிற இன்னொரு வீடியோ ஃபைல் வகையில பதிஞ்சா அதுவரை பேசினது தங்கும். அப்புறம் ஃபைல் மெனுவுல ‘ரீமக்ஸ்’ கொடுத்தா தரம் குறையாம எம்பி4 ஆயிடும்.

அதைவிட முக்கியம், எழுத்தோட அளவு. நம்ம பிள்ளைங்க நிறைய பேர் போன்லதான் பாக்கிறாங்க. எக்ஸெல்ல விலுக்அப் (ஒரு பட்டியல்ல தேடி எடுக்கிற ஃபார்முலா) எழுதிக் காட்டும்போது 100% ஜூம்ல அந்த கமா கண்ணுக்கே தெரியாது. 150, 200-னு ஏத்துங்க. மவுஸைச் சும்மா சுத்தாம, காட்ட வேண்டிய செல்லுல நிறுத்திட்டுப் பேசுங்க. ஃபேனை மட்டும் அணைச்சிடுங்க, குரல் தெளிவா விழும்.

எக்ஸெல்ல டேட்டாவைச் சுத்தம் பண்ணி ஒழுங்குபடுத்துற பவர் க்வெரிக்கு யாராவது தமிழ்ல தொடரா போட்டா முதல் ஆளா நான் ஷேர் பண்றேன்.