வாடகை ஜெட்: விமானத்துக்கு முன் ஓடுபாதையைப் பாருங்கள்

நான் பணிபுரியும் சென்னை நிறுவனத்தில் தலைவரின் பயண ஏற்பாடுகள் பல ஆண்டுகளாக என் மேசைக்குத்தான் வருகின்றன. அவற்றுள் தனி விமானத்தை வாடகைக்கு எடுக்கும் வேலை ஆண்டுக்கு நான்கைந்து முறை வரும். முதன்முறை அதைச் செய்தபோது, தரகர் அனுப்பிய படங்களில் எந்த இருக்கையின் தோல் பளபளப்பாக இருக்கிறது என்று பார்த்துத்தான் விமானத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

திருச்செந்தூரில் ஒரு திருமணம். தலைவர் குடும்பத்தில் எட்டுப் பேர். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போக செஸ்னா நிறுவனத்தின் சைட்டேஷன் எக்ஸ்.எல்.எஸ். விமானத்தைப் பேசி, முன்பணமும் கட்டியாயிற்று. புறப்படுவதற்கு முந்தின மாலை, விமானத்தை இயக்குபவர்களின் தலைமை விமானி தொலைபேசியில் அழைத்து, தூத்துக்குடியில் இறங்க முடியாது, மதுரையில்தான் இறக்குவோம் என்றார். அப்போது தூத்துக்குடி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,350 மீட்டர். எக்ஸ்.எல்.எஸ். இறங்கி நிற்க 970 மீட்டர் அளவே போதும் என்று நான் படித்திருந்ததால் அவரிடம் வாதாடினேன். அவர் பொறுமையாக விளக்கினார். சொந்த விமானத்துக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றும் ஜெட் விமானம், ஈரமில்லாத ஓடுபாதையில்கூட, அதன் நீளத்தில் 60 விழுக்காட்டுக்குள் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. 1,350-இல் 60 விழுக்காடு 810 மீட்டர்தான். மழை பெய்தால் இன்னும் கூடுதல் நீளம் வேண்டும். நான் அதற்கு மேல் பேசவில்லை. மதுரையில் இறங்கி, மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் போனோம்.

அன்றிலிருந்து நடுத்தர ஜெட், அதாவது எட்டுப் பேர் அளவில் அமரக்கூடிய விமானம், வேண்டும் என்று யாராவது கேட்டால், எங்கே இறங்க வேண்டும், எத்தனை பேர், எவ்வளவு பெட்டிகள் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்ட பிறகே விமானத்தின் பெயரைப் பேசுகிறேன். ஒரே வகுப்பைச் சேர்ந்தவை என்று விற்கப்படும் விமானங்களுக்குள் அவ்வளவு வேறுபாடு இருக்கிறது. முழு எடையோடு கிளம்ப எக்ஸ்.எல்.எஸ். விமானத்துக்கு, கடல் மட்டத்தில், மிதமான வெப்பநிலையில், சுமார் 1,085 மீட்டர் போதும். ஹாக்கர் 800எக்ஸ்.பி. 1,500 மீட்டருக்கு மேல் கேட்கும். லியர்ஜெட் 60 விரைவாக மேலேறி 51,000 அடி வரை போகக்கூடியது என்றாலும், தரையை விட்டு எழ அதற்கு ஹாக்கரைவிடவும் நீளமான பாதை வேண்டும். சித்திரை வெயிலில் இந்த ஓடுபாதை நீளங்கள் எல்லாமே கூடும்.

எட்டு இருக்கை என்ற சொல்லையும் நான் இப்போது அப்படியே நம்புவதில்லை. எக்ஸ்.எல்.எஸ். விமானத்தில் சுமார் மூன்று டன் எரிபொருளை முழுவதும் நிரப்பினால், நான்கைந்து பேருக்கு மேல் ஏற்ற எடையில் இடம் இருக்காது. சென்னையிலிருந்து மதுரை போன்ற குறுகிய தூரத்துக்கு முழுவதும் நிரப்பத் தேவையில்லை என்பதால் அது ஒரு பொருட்டே அல்ல. சுமார் 2,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ள துபாய்க்கு எட்டுப் பேர் போக வேண்டுமென்றால், கேட்க வேண்டியது ஹாக்கரைத்தான். சில விமானங்களில் கழிவறை இருக்கைக்கும் பெல்ட் வைத்து அதையும் பயணி இருக்கையாகக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அதில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் தர்மசங்கடம் எனக்கு ஒருமுறை நேர்ந்தது.

உயரமானவர்களுக்கு ஹாக்கரோ எக்ஸ்.எல்.எஸ். விமானமோ பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் கேபின் உயரம் 1.75 மீட்டரைத் தாண்டாது. அகலத்தில் ஹாக்கருக்கு 15 சென்டிமீட்டர் கூடுதல். நிமிர்ந்து நடக்க வேண்டுமென்றால் 2015-இல் சான்று பெற்ற சைட்டேஷன் லாட்டிட்யூட் இருக்கிறது: 1.83 மீட்டர் உயரம், பள்ளமில்லாத தரை. ஹாக்கர் விமானங்களைச் செய்த நிறுவனம் 2012-இல் திவாலானதோடு அவற்றின் உற்பத்தி நின்றுபோனது. லியர்ஜெட் 2022-இல் நின்றது. ஆகவே இந்த இரண்டில் எதை எடுத்தாலும் எந்த ஆண்டு செய்தது, உள்ளலங்காரத்தை எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, அந்த விமானம் அதை இயக்கும் நிறுவனத்தின் வாடகை உரிமத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான விமானத்தை நம் நாட்டில் வாடகைக்கு விடக்கூடாது.

கட்டணத்தைப் புரிந்துகொள்ள வெளியூர் டாக்சியை நினைத்துக்கொண்டால் போதும். வண்டி எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து மீட்டர் ஓடும். நம்மை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரமும் நம் கணக்கில்தான். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்ற நிபந்தனை உண்டு; இரவு தங்கினால் ஓட்டுநர் பேட்டா மாதிரி விமானிகளின் தங்குமிடச் செலவும் சேரும். மணி நேரக் கட்டணம் மலிவான விமானம் டெல்லியில் நின்றால், சற்று விலை கூடுதலான விமானம் பெங்களூரில் நிற்பதே லாபம்.

பெட்டிகளைப் பற்றிய பாடம் அதே திருமணப் பயணத்தில் கிடைத்தது. எக்ஸ்.எல்.எஸ். விமானத்தின் சாமான் அறை பின்புறம், வெளியே திறக்கும் கதவோடு இருக்கிறது. பறக்கும்போது அதை எட்ட முடியாது. சீர்வரிசைப் பெட்டிகளோடு தலைவருடைய தாயாரின் மாத்திரைப் பையும் அதற்குள் போய்விட்டது. விமானம் மேலேறிப் பத்து நிமிடத்தில் அந்த அம்மா பையைக் கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். ஹாக்கரில் பெட்டிகள் கேபினுக்குள், வாசலருகே இருப்பதால் எழுந்து போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே இடம் குறைவு. கல்யாணச் சாமான் அனைத்தும் கொள்ளாது.

2025 ஜூலையில் தூத்துக்குடியின் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் இப்போது 3,115 மீட்டர். சென்ற மாதம் அதே குடும்பம் மறுபடியும் திருச்செந்தூர் போகக் கிளம்பியபோது, எட்டுப் பேரையும் பதினொரு பெட்டிகளையும் கணக்கிட்டு நான் எக்ஸ்.எல்.எஸ். விமானத்தையே மீண்டும் பேசினேன். இந்த முறை அந்த அம்மா மாத்திரைப் பையை யாரிடமும் கொடுக்கவில்லை. இறங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.