1700 தாண்ட வெச்சது பழைய ஸ்கோர்ஷீட்டுங்கதான்

ஒண்ணாம் தேதி செஸ் ரேட்டிங் லிஸ்ட் வந்துருச்சு, நான் 1712. பசங்க எட்டு வயசுல தொடுற நம்பர்னு தெரியும், ஆனா ஆபீஸ் போயிட்டு லீவ் போட்டு டோர்னமெண்ட் ஆடுற ஆளுக்கு இது பெரிய விஷயம். 2024 மார்ச்ல ஃபிடே (உலக செஸ் சங்கம்) 2000க்கு கீழ இருந்த எல்லாருக்கும் ரேட்டிங் ஏத்துனப்ப 1340ல கெடந்த நான் ஒரே நாள்ல 1604 ஆனேன், அது அவங்க போட்ட பிச்சை. அதுக்கு மேல உள்ள 108தான் நான் சம்பாதிச்சது, அதுலயும் பாதிக்கு மேல எண்ட்கேம்ல (காய் எல்லாம் தீந்து கடைசில மிஞ்சுற ஆட்டம்) வந்தது, அதான் இத எழுதுறேன்.

எண்ட்கேம் படிக்காத ஆள் இல்ல நான். லூசினா (ரூக், அதாவது யானை மிஞ்சுற எண்ட்கேம்ல ஜெயிக்கிற வழி), ஃபிலிடோர் (அதுல டிரா பண்ற வழி), ஆப்போசிஷன் (கிங்க நேர் எதிர்ல நிறுத்தி வழிய மறிக்கிறது) எல்லாம் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன். போர்டுல வந்தா மட்டும் ஓடிப்போயிடும். போன வருஷம் ஒரு ஓபன் டோர்னமெண்ட்ல ஏழாவது ரவுண்ட், எதிர்ல பதினோரு வயசு பையன், கால் தரையில படல. நான் பிளாக், ஒரு பான் (சிப்பாய்) கம்மி, ரூக் எண்ட்கேம். அவன் கிங் டி5, பான் ஈ4, ரூக் ஏ7. என் கிங் எஃப்8, ரூக் ஜி6. தெரிஞ்சவங்களுக்கு பாத்த உடனே புரியும், சாட்சாத் ஃபிலிடோர். ஆறாவது ரேங்க்லயே (குறுக்கு வரிசை) ரூக்க வெச்சுகிட்டு ஆட்டிட்டே இருக்கணும், அவன் பான ஆறாவதுக்கு தள்ளுனா கீழ இறங்கி பின்னாடியிருந்து செக் குடுக்கணும், டிரா. நான் என்ன பண்ணேன்னா ரூக்க ஜி7ல வெச்சு மாத்திக்கோன்னு நீட்டுனேன். நாலு மணி நேரம் ஆச்சு, தலை வலி, ஒரு பான் தானே, கிங்க வெச்சு ஆப்போசிஷன் புடிச்சுக்கலாம்னு ஒரு நினைப்பு. அவன் வெட்டுனான், நான் கிங்கால வெட்டுனேன், கிங் ஈ6ன்னு வெச்சுட்டு தண்ணி குடிச்சான். அவ்ளோதான். பானுக்கு ரெண்டு கட்டம் முன்னாடி கிங் போயிட்டா மூவ் யாரோடதா இருந்தாலும் ஜெயிப்புதான், ஓரத்து பானா இருந்தாதான் தப்பிக்கலாம். வெளிய வந்தா அவங்கம்மா குடுத்த தயிர்சாதத்த சாப்டுகிட்டே கேக்குறான், "அங்கிள், ரூக்க எதுக்கு மாத்துனீங்க? டிரா தான அது?"

என் கே (ஒரு பாயிண்ட்டுக்கு எத்தன ரேட்டிங்னு சொல்ற நம்பர்) 20, அரை பாயிண்ட்னா 10 ரேட்டிங். அந்த மாசம் 1694ல நின்னேன், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

அன்னிக்கு ராத்திரி பஸ்ல ஸ்கோர்ஷீட்டோட (மூவ் எழுதுற தாள்) கார்பன் காபிய எடுத்து பாத்தேன். எனக்கு ஒரு பழக்கம், மூவ் பக்கத்துல கிளாக்ல இருக்கிற நிமிஷத்த எழுதுவேன் (மத்த நோட்ஸ்தான் எழுதக்கூடாது, டைம் எழுதலாம்). அதுக்கு முந்தின மூவ்ல 14ன்னு இருக்கு, ரூக் ஜி7 பக்கத்துலயும் 14. மூவுக்கு 30 செகண்ட் சேருதுல்ல, அப்ப நான் முழுசா ஒன்றரை நிமிஷம்கூட யோசிக்கல, கையில 14 நிமிஷம் வெச்சுகிட்டு.

வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷ ஸ்கோர்ஷீட் எல்லாத்தையும் பீரோ மேலருந்து இறக்குனேன். 43 கேம். 30 செகண்ட் இன்கிரிமெண்ட் இருந்தா கடைசி வரைக்கும் எழுதியே ஆகணும்ங்கிறதால எண்ட்கேம் முழுசா இருக்கும், ரேபிட்ல (சீக்கிரம் முடியுற ஆட்டம்) இந்த வசதி இல்ல. 19 கேம் எண்ட்கேம் வந்துருக்கு, 11ல அரை பாயிண்டோ ஒரு பாயிண்டோ விட்டுருக்கேன், அந்த 11ல 7 கடைசி பீஸ (கிங், பான் தவிர்த்த காய்) மாத்துன மூவ்ல விட்டது. ஏழுலயும் பக்கத்துல இருக்கிற நிமிஷம் பெருசா அசையல. எனக்கு லூசினா தெரியாதது பிரச்சினை இல்ல, மாத்திட்டா நிம்மதிங்கிற புத்திதான் பிரச்சினை. இத எந்த கோச்சும் எனக்கு சொல்லல, சொல்லவும் முடியாது, அவங்க என் கேம பாத்ததே இல்ல. காசு வாங்கிட்டு பசில் ஷீட் அனுப்புனதோட சரி.

பண்ணது இதான்:

- லிச்செஸ் வெப்சைட்ல ஒரு ஸ்டடி ஓப்பன் பண்ணி கேம ஏத்துங்க, எஞ்சின (நல்ல மூவ் சொல்ற கம்ப்யூட்டர்) ஆஃப் பண்ணிட்டு. இது முக்கியம்.
- கடைசி பீஸ் மாறுறதுக்கு ஒரு மூவ் முன்னாடி நிறுத்துங்க. அப்ப மண்டைல என்ன ஓடுச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. பொய் எழுதாதீங்க. "பசிச்சது"ன்னு நான் ரெண்டு தடவ எழுதியிருக்கேன்.
- மாத்துனா வர்ற பான் எண்ட்கேம கையால எண்ணுங்க. எவன் பான் எத்தன மூவ்ல குயின், எவன் கிங் எத்தன மூவ்ல எங்க. விரல் விட்டுதான்.
- அப்புறம் எஞ்சின். கிங், பான் எல்லாம் சேத்து ஏழு காய்க்குள்ள இருந்தா டேபிள்பேஸே (முடிவு எல்லாம் கணக்கு போட்டு வெச்ச லிஸ்ட்) சொல்லிடும், ஜெயிப்பா டிராவான்னு. ஏன்னு சொல்லாது, அத நீங்கதான் கண்டுபுடிக்கணும், அங்கதான் படிப்பே இருக்கு.
- அதே பொசிஷன எதிர் சைடுல உக்காந்து ஆடுங்க. நம்மள நாமே தோக்கடிச்சு பாக்கணும், செமயா வலிக்கும், மறக்காது.

ஒரு பொசிஷனுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. புதுசா எதையும் படிக்கல இத பண்ண ஆறு மாசமும், ஓப்பனிங் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்ஸ்) பக்கமே போகல, அதுல ரெண்டு கேம் 15 மூவுக்குள்ள அடி வாங்குனேன், அது வேற கத.

நான் மட்டும்தான் முட்டாள்னு நினைச்சுகிட்டு இருந்தப்ப ஆறுதலா இருந்தது சிங்கப்பூர்ல நடந்த உலக சாம்பியன்ஷிப் கேம். 2024 டிசம்பர் 12, குகேஷும் டிங் லிரனும், 14வது கேம். டிரா ஆக வேண்டிய எண்ட்கேம், டிங் 55வது மூவ்ல ரூக்க எஃப்2ல வெச்சு மாத்த நீட்டுறார். அவர் பிஷப் ஏ8 மூலைல மாட்டிகிட்டு இருக்கு, குகேஷ் ரூக்க மாத்திட்டு பிஷப்ப டி5ல வெச்சு அதையும் மாத்த வெச்சுட்டார், பான் எண்ட்கேம் ஜெயிப்பு, உலக சாம்பியன். நாம கொண்டாடுன அந்த மூவ் என்னோட வியாதி. அந்த கேம நான் அம்பது தடவையாவது பாத்துருப்பேன், ஒவ்வொரு தடவையும் டிங் பக்கம்தான் உக்காந்து பாப்பேன்.

ஒரு எச்சரிக்கை. இது என்ன மாதிரி அவசரக்காரங்களுக்கு. யோசிச்சு யோசிச்சு டைம்ல தோக்குற ஆளா இருந்தா இத படிச்சு இன்னும் கெட்டுப்போவீங்க, உங்க ஷீட்ட எடுத்து உங்க வியாதி என்னன்னு நீங்க பாருங்க.

போன மாச டோர்னமெண்ட், எட்டாவது ரவுண்ட். எதிர்ல ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருத்தர், ரூக்க மாத்த நீட்டுனார். கை போயிருச்சு. நிஜமாவே ரூக்குக்கு மேல ஒரு இஞ்சுல நின்னுச்சு, தொட்டிருந்தா ஆடியே ஆகணும். கைய இழுத்து தொடைக்கு கீழ வெச்சு உக்காந்துகிட்டு எண்ணுனேன். அவர் ஏ பான் நாலு மூவ்ல குயின், என் கிங் போய் சேர அஞ்சு. மாத்தல. ஷீட்ல அந்த மூவ் பக்கத்துல நிமிஷம் 19லருந்து 10க்கு எறங்கியிருக்கு. 81 மூவ் இழுத்து டிரா, லஞ்ச் ஹால்ல சாம்பார் தீந்துபோச்சு.

பிஷப்புக்கு எதிரா குதிரை வர்ற எண்ட்கேம் பத்தி யாரும் என்ன கேக்காதீங்க, அந்த ஷீட்டுங்கள இன்னும் பீரோ மேலருந்து இறக்கல.